ஆடியில் நிறுத்தாத மெஷின்

புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை ஒட்டியிருந்த கோழித் தீவன மில்லில் நான் சாக்கு தைக்கும் வேலை பார்த்தேன். எண்பத்தெட்டாம் வருஷம் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு ஜெபமலரும் வந்தாள்.

அவள் வீடு சேலம் டவுனில், சர்ச்சுக்குப் பின்தெருவில். அப்பா சவரியார், அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவர். ஜெபமலர் கணக்கில் பட்டம் வாங்கி, பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தாள். தினமும் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ரோட்டைக் கடப்பதற்கு மற்றவர்களைவிட அதிக நேரம் நிற்பாள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபமாகப் பேசியும் கேட்டதில்லை. மில்லில் எல்லாரும் அவளைக் கம்ப்யூட்டர் அம்மிணி என்றார்கள். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

மருந்து மூட்டை வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஏ.சி. போட்டு, கம்ப்யூட்டரை வைத்தார்கள். தீவன மில்லில் தூசி பனிமூட்டம் போல நிற்கும். அந்த அறைக்குள் மட்டும் தூசி வரக்கூடாது என்றார்கள். ஈரத்துணியால் காலையும் மதியமும் தரையைத் துடைக்க என்னை வைத்தார்கள். அதனால்தான் அவள் வேலை செய்வதைப் பார்க்க முடிந்தது. அவளுக்கு முன்னால் திரை இருக்கும். அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு மூலையில் துடைக்க ஆரம்பித்து அடுத்த மூலைக்கு வரும்போதும் அப்படியேதான் இருப்பாள். பிறகு நாலு எழுத்து அடிப்பாள்.

அவள் சி என்ற மொழியில் எழுதிய புரோகிராம்தான் மில்லை நடத்தியது. எந்தப் பண்ணைக்கு எவ்வளவு மக்காச்சோளம், எவ்வளவு புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத்தூள், கிளிஞ்சல்தூள் என்று அதுதான் சொல்லும். தீவனம் கலக்கும் கொட்டகையான கலவை செட்டில் இன்னொரு திரை இருந்தது. அதில் பண்ணையின் பேர் வராது. நம்பரும் எடைகளும் மட்டும் வரும். கலவைக்காரர் சென்றாயன் அதைப் பார்த்து மிக்சரில் கொட்டுவார். மூட்டையில் நம்பரை எழுதுவார். லோடு ஏறிவிடும்.

சென்றாயன் மில்லுக்கு வருவதற்கு முன் கந்தப்பன் என்பவர் தோட்டத்தில் ஆளாக இருந்தவர். கந்தப்பன் சொல்லித்தான் முதலாளி வேலுமணி அவரைச் சேர்த்துக்கொண்டார். மெஷின் வந்த முதல் நாளே முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார்: "மெஷின் சொல்றதப் போடு. மூளைய ஊட்டுல வெச்சுட்டு வா."

"அதுக்குத்தானுங்க ஊட்டுல எடமே இல்ல" என்றார் சென்றாயன். எல்லாரும் சிரித்தோம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெபமலரிடம் கேட்டேன், இதற்குள் எப்படி எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே அடுக்கியிருந்த முட்டை அட்டைகளைக் காட்டினாள்.

"மெமரின்னா அதுமாதிரிதான் அக்கா. நிறையக் குழி. ஒரு பண்ணை வந்தா அதுக்கு ஒரு குழி கேட்டு வாங்கணும். அந்தப் பண்ணையோட கணக்கை அதுல வைக்கணும். வேலை முடிஞ்சா குழியைத் திருப்பிக் கொடுத்திரணும்."

"யாரு வாங்கறது, யாரு கொடுக்கறது?"

"நான் எழுதறதுதான். மத்த மொழியில அதுவே பார்த்துக்கும்பாங்க. இதுல நாமதான் பார்த்துக்கணும்."

ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மெஷினைத் தொடங்கினார்கள். தேங்காய் உடைத்து, விபூதி பூசினார்கள். தண்ணீர் தெளிக்கப் போனவரை ஜெபமலர் கையைப் பிடித்து நிறுத்தினாள். சாயந்தரம் அவள் மெஷினை நிறுத்தப் போனபோது முதலாளி வந்துவிட்டார்.

"என்ன அம்மிணி பண்றே?"

"தினமும் சாயந்தரம் நிறுத்திட்டு, காலையில மறுபடி ஆரம்பிக்கறது நல்லதுங்க சார். உள்ள இருக்கறதெல்லாம் துடைச்சுட்டு, வட்டுல எழுதினதைப் புதுசாப் படிச்சுக்கும்."

"நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கு நிறுத்துனா ஆடியிலதான மறுபடி ஆரம்பிக்கோணும்? ஆடியில நாங்க ஒரு ஊட்டுக்குக் குடிகூடப் போகமாட்டோம். ஆவணி பொறக்கட்டும்."

"எங்களுக்கு ஆடியெல்லாம் இல்லைங்க சார்."

"உங்களுக்கு இல்ல. மெஷின் எங்களதுல்ல?"

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். ஜெனரேட்டர் இருந்தது, கரண்ட் போனாலும் தாங்குவதற்குப் பேட்டரியும் இருந்தது. புரோகிராம் நிற்காமல் ஓடியது. சென்றாயன் கலவை செட்டிலிருந்து வந்து அறையை எட்டிப் பார்த்தார்.

"ஆடின்னா புதுப்பொண்ணப் பொறந்த ஊட்டுக்கு அனுப்போணுமுங்க. இதைய பெங்களூருக்கு அனுப்பலீங்களா?"

ஜெபமலர் சிரித்த ஒரே தடவை அதுதான். அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

ஆடி பிறந்த கொஞ்ச நாளில் கந்தப்பனின் தம்பி சின்னுசாமி மில்லுக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பண்ணை வைத்திருந்தார்கள். மில்லில் அதற்கு மூன்றாம் நம்பர். இப்போது பாகம் பிரித்துக்கொண்டார்கள். நல்லபடியாகப் பிரியவில்லை. பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. குஞ்சுகள் இருந்த கொட்டகை தம்பிக்கு வந்தது.

"அண்ணன் பேர்ல இருக்கறத எடுத்துருங்க. அவுரு பேர்ல ஒரு மூட்டகூட என்ற கொட்டாய்க்கு வரப்படாது. என்ற பேர்ல ஆவணி பொறந்து போட்டுக்கலாம். ஆடியில புதுப்பேர் வேண்டாம்" என்றார் சின்னுசாமி.

"அதுவரைக்கும் தீவனம்?" என்றாள் ஜெபமலர்.

"அது நிக்கப்படாதுல்ல. எதாச்சும் பண்ணுங்க."

அவள் கந்தப்பன் பேரை எடுத்தாள். மறுநாள் காலையில் வந்து, குஞ்சுக்கான தீவனத்தைத் தனியாகப் போட உட்கார்ந்தாள். சென்றாயன் மூன்றாம் நம்பர் மூட்டைகளை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். திரையில் வழக்கம் போல வந்தது என்றார். கலவையும் சரியாகத்தான் இருந்தது.

"நான் இன்னும் போடவே இல்லையே" என்றாள் ஜெபமலர். திரையைப் பார்த்தபடி நின்றாள். அதற்குள் பெங்களூரிலிருந்து போன் வந்தது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தாள். வேறு வேலை வந்துவிட்டது. அதன் பிறகு தினமும் மூன்றாம் நம்பருக்குத் தீவனம் சரியாகவே போனது.

ஆடி மாதம் முழுவதும் யாரும் புதிதாகக் குஞ்சு விடமாட்டார்கள். பழைய பண்ணைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக எதையும் சேர்க்க வேண்டிய வேலை அவளுக்கு இல்லை. ஆடிப் பதினெட்டு மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கு எதைத் தொடங்கினாலும் பெருகும் என்பார்கள். காவிரிக்குப் போகாதவர்கள் எல்லாம் மில்லுக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் ராசிபுரத்துப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தவர். பிறகு வரிசையாக ஆட்கள். ஜெபமலர் ஒவ்வொரு பேராக ஏற்றினாள். சின்னுசாமி அன்றும் வரவில்லை. ஆவணி என்றால் ஆவணிதான்.

அதற்கு அடுத்த வாரம் சின்னுசாமியின் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன.

ஒரு காலையில் அவர் மொபெட்டில் ஒரு சாக்கை வைத்துக்கொண்டு வந்தார். மில் வாசலில் சாக்கைக் கவிழ்த்தார். குஞ்சுகள் விழுந்தன. விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள்.

"டாக்டர் அறுத்துப் பாத்துட்டாரு. நெஞ்சு, ஈரலு எல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்பல கெடக்குது. தீவனத்தக் கையில தேச்சுப் பாத்துட்டுச் சொல்றாரு, இது முட்டைக்கோழிக்குப் போடறதாம். அத்தனையும் கிளிஞ்சலு. குஞ்சு தாங்குமா?"

முட்டை ஓடு கெட்டியாக வருவதற்காக முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சல் நிறையப் போடுவார்கள். குஞ்சுக்குக் கொஞ்சம்தான். அது மில்லில் எல்லாருக்கும் தெரியும்.

"சென்றாயா!" என்றார் முதலாளி.

சென்றாயன் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்கண்ணன் ஊட்டுச் சோத்துக்கு நன்றி காட்டீட்டயா?" என்றார் சின்னுசாமி. "அவுரு சொன்னாரா, நீயாப் பண்ணுனயா?"

"சாமி, மெஷின் காட்டுனதத்தானுங்க போட்டேன். பதினெட்டு கழிஞ்ச மக்காநாள்ல இருந்து மூணாம் நம்பருக்குக் கிளிஞ்சலு கூட வந்துச்சுங்க. கேக்கலாம்னு நெனச்சேன். மூளைய ஊட்டுல வெச்சுட்டு வான்னு சொல்லீருந்தாங்க."

"எதுத்தா பேசறே? மெஷினுக்கும் சின்னுசாமிக்கும் என்னடா விரோதம்?" என்றார் முதலாளி.

சென்றாயன் கலவை செட்டைக் கை காட்டினார். கலவை செட்டுத் திரையில் வந்தது உடனே மறைந்துவிடும். எதிலும் அச்சாகாது. அவரைச் சாக்கு குடோனில் உட்கார வைத்தார்கள். கட்டிப் போடவில்லை. வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். சாயந்தரம் கந்தப்பன் வந்ததும் அவர் முன்னால் விசாரித்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. ஸ்டேஷனுக்குப் போனால் சென்றாயன் ஒத்துக்கொண்டுவிடுவார் என்று லோடுமேன்கள் சொன்னார்கள். செய்யாததையும் அங்கே ஒத்துக்கொள்வார்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஜெபமலர் அறைக்குள் போனாள். முதலாளியும் பின்னாலேயே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"இது வந்ததுல இருந்து பீடைதான். நிறுத்து அம்மிணி. ஆடியாவது ஒண்ணாவது." சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

ஜெபமலர் எழுந்து சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். அவள் தோள் சுவரில் இடித்தது.

"நிறுத்தாதீங்க சார்."

"தினமும் நிறுத்தோணும்னு நீதான சொன்னே?"

"சொன்னேன். இப்ப நிறுத்தினா உள்ள இருக்கறது மொத்தமா அழிஞ்சிரும். சென்றாயண்ணன் சொல்றது நிஜமான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. சாயந்தரம் வரைக்கும் கொடுங்க."

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு தரையில் தன் செருப்புத் தடத்தைப் பார்த்தார்.

"கந்தப்பன் வர்ற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரோகிராமை எழுதியபோது, சோதித்துப் பார்ப்பதற்காக அவள் அதில் ஒரு வழி வைத்திருந்தாள். குறிப்பிட்ட சில எழுத்துகளை அடித்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று காட்டும். அதை எடுத்துவிட வேண்டும் என்று இருந்தாளாம், மறந்துவிட்டாள். இப்போது அதை அடித்தாள். திரை முழுக்க எண்களும் ஆங்கில எழுத்துகளும் ஓடின.

"அக்கா, கதவைச் சாத்திட்டு வந்து உட்காருங்க. நான் சொல்ற வரியை மட்டும் படிங்க."

எட்டாவது வரை படித்தவள் நான். எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அதனால் கஷ்டமில்லை. அவள் சொன்ன வரியைப் படித்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, வெளியிலிருந்து எடுத்து வந்த முட்டை அட்டைகளைப் பரப்பினாள். குஞ்சுப் பண்ணை என்றால் குழியில் ஒரு மக்காச்சோளம். முட்டைக்கோழிப் பண்ணை என்றால் ஒரு கிளிஞ்சல். காலிக் குழியை அப்படியே விட்டாள். இன்னொரு பக்கம் ஆர்டர் நம்பர்களைச் சாக்பீஸால் எழுதினாள். என் சாக்கு தைக்கும் நூலை வெட்டி, ஒவ்வொரு நம்பரிலிருந்தும் அதற்குரிய குழிக்கு நூல் வைத்தாள். அந்த நூலைத்தான் சி மொழியில் பாயிண்டர் என்பார்கள் என்றாள்.

மதியம் அவள் சாப்பிடவில்லை. குடோனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சென்றாயன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். சொல்லாமல் வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது ஜெபமலர் மூன்றாம் நம்பரிலிருந்து போன நூலின் முனையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழியில் மக்காச்சோளம் இல்லை. கிளிஞ்சல் இருந்தது.

"இது ராசிபுரத்துக்காரரோட குழி" என்றாள்.

எனக்குப் புரிவதற்கு அவள் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கந்தப்பன் பேரை எடுத்தபோது, அவர் குழியைப் புரோகிராம் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் மூன்றாம் நம்பரின் நூல் அந்தக் குழியிலேயே கிடந்தது. திருப்பிக் கொடுத்த குழியை யாரும் துடைப்பதில்லை. ஆடியில் புதிதாக யாரும் வராததால் பழைய மக்காச்சோளம் உள்ளேயே இருந்தது, தீவனமும் சரியாகவே வந்தது. பதினெட்டாம் நாள் முதலில் வந்தவருக்கு அந்தக் குழி போனது. மறுநாளிலிருந்து மூன்றாம் நம்பர் கையை விட்டதெல்லாம் அவருடைய குழியில்.

"அன்னிக்கே பார்த்திருக்கணும்" என்றாள். "நான் போடாம எப்படி வந்ததுன்னு." குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. எழுந்து முகம் கழுவப் போனாள். ஈரம் துடைக்காமல் வந்தாள்.

கந்தப்பன் வெயில் இறங்கும் நேரத்தில் வந்தார். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நின்றார்கள். ஜெபமலர் அட்டைகளை வாசலுக்குக் கொண்டுவந்து, நூலோடு வைத்துக் காட்டினாள்.

"அட்டையும் நூலும் வெச்சு யாருக்கு வித்தை காட்டறீங்க?" என்றார் சின்னுசாமி. "மில்லுக்காரங்க எல்லாம் ஒண்ணாச் சேந்துட்டீங்களா?"

"சரிங்க, நீங்களே ஒரு எண் சொல்லுங்க. நான் அதை ராசிபுரத்துப் பண்ணைக்கு மட்டும்தான் அடிப்பேன். கிளிஞ்சல் எடைன்னு. கலவை செட்டுல மூணாம் நம்பருக்கு என்ன வருதுன்னு நீங்க பாருங்க. அங்க யாரும் எதையும் தொட வேண்டாம்."

கந்தப்பன்தான் வாயைத் திறந்தார்.

"தொண்ணூத்தி ஏழு."

தம்பி அண்ணனைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் கலவை செட்டுக்குப் போனோம். சென்றாயனையும் கூட்டி வந்தார்கள். திரை வெறுமையாக இருந்தது. ஜெபமலர் அறையில் அடித்துவிட்டு மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டாள். மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத்தூள் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் கிளிஞ்சல். அதற்கு நேராகத் தொண்ணூற்று ஏழு.

மிக்சர் ஓடாததால் ரோட்டில் லாரி போகும் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு சொல்லுங்க" என்றாள் ஜெபமலர். அவள் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"போதும்" என்றார் முதலாளி.

"இப்ப அறுத்திர்றேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதே வழியில் ஏதோ அடித்து, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமிலேயே அந்த நூலை எடுத்தாள். மெஷின் நிற்கவில்லை. கலவை செட்டுத் திரையில் மூன்றாம் நம்பர் மட்டும் இல்லாமல் போனது. மற்றவை இருந்தன. மற்ற நம்பர்களின் நூல் எல்லாம் சரியான குழியில்தான் இருக்கிறது என்று மதியமே ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்திருந்தாள்.

திரும்பி வந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நான் எழுதினதுல இருந்த தப்பு இது. பேரை எடுக்கறப்ப நூலையும் எடுக்கற மாதிரி எழுதியிருக்கணும். எழுதல. சென்றாயண்ணன் திரையில வந்ததைத்தான் போட்டிருக்காரு."

"தினமும் நிறுத்தியிருந்தா?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"நிறுத்தியிருந்தா வெளிய தெரியாம இருந்திருக்கும். தப்பு அங்கேயேதான் இருந்திருக்கும் சார்."

"அப்ப என்ற குஞ்சு?" என்றார் சின்னுசாமி.

"ஆமாங்க" என்றாள் ஜெபமலர். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அவர் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. காலையில் கொட்டிய குஞ்சுகள் வாசலில் சாக்கு மூடிக் கிடந்தன. போய் அவற்றைத் திரும்பச் சாக்கில் அள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கந்தப்பன் போய்ச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகும் பேசிக்கொண்டார்கள் என்று நான் கேள்விப்படவில்லை.

சென்றாயன் இன்னும் கலவை செட்டிலேயே நின்றிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

"அப்ப நான் ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார்.

"போ" என்றார் முதலாளி.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். அது திறக்கப்படவே இல்லை. ஜெபமலர் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போனாள். ரோட்டைக் கடக்க வழக்கம் போல நின்றாள்.

ஆவணி பிறந்தது. நல்ல நேரம் பார்த்து மெஷினை நிறுத்தி, திருத்திய புரோகிராமைப் போட்டு, மறுபடி தொடங்கினார்கள். என்ன திருத்தினாள் என்று யாரும் கேட்கவில்லை. பேரை எடுத்தால் நூலும் போய்விடும்படி எழுதியதாக என்னிடம் சொன்னாள். நூல் இல்லாத நம்பரைக் கூப்பிட்டால் மெஷின் தானாகவே மறுத்துவிடும் என்றாள். உள்ளே பார்ப்பதற்கு இருந்த வழியை அவள் எடுக்கவில்லை. அன்றிலிருந்து சாயந்தரமானால் அவளே மெஷினை நிறுத்தினாள். முதலாளி தடுக்கவில்லை. அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. முன்னைப் போல அறைக்குள் வருவதில்லை, அவ்வளவுதான்.

சென்றாயன் ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிருந்தது. முதல் ஆர்டர் திரையில் வந்ததும் அவர் மிக்சர் பக்கம் போகவில்லை. தூசியோடு நடந்து கம்ப்யூட்டர் அறை ஜன்னலுக்கு வந்தார். உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார்.

"அம்மிணி, ஒண்ணாம் நம்பரு. போடலாமுங்களா?"

ஜெபமலர் திரையில் அந்த வழியைத் திறந்தாள். நூல் எந்தக் குழிக்குப் போகிறது என்று பார்த்தாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

"போடலாங்கண்ணா."

அவர் போய்க் கொட்டினார். அடுத்த நம்பருக்கு மறுபடி வந்தார். வேலை தாமதமானது. முதலாளி ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அவள் இரண்டு வருஷம் மில்லில் இருந்தாள். பிறகு கல்யாணமாகித் திருச்சிக்குப் போனாள். போகும் வரை ஒவ்வொரு ஆர்டருக்கும் சென்றாயன் ஜன்னலுக்கு வந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே பார்த்த பிறகுதான் சொன்னாள். பார்க்காமல் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஜன்னல் கம்பியில் அவர் கை வைக்கும் இடத்தில் தவிட்டுத் தூசி படிந்திருக்கும். மதியம் துடைப்பேன். சாயந்தரம் மறுபடி படிந்திருக்கும்.